மடக்குக் கூரை வண்டி

நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒருவன் கூரை மடங்குகிற ஸ்போர்ட்ஸ் கார் தேடி அலைகிறான் என்றால் ஊருக்கு இரண்டு காரணம்தான் தோன்றும். ஒன்று, அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது. இல்லையென்றால், எங்கோ ஒருத்தி இருக்கிறாள். லிஃப்ட் மெக்கானிக் இரண்டையும் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டிவரும்.

கம்பெனியில் அவனுக்கு மைனர் என்று பெயர் விழுந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி வாங்கியாயிற்றா, பக்கத்து சீட்டில் யார், நாங்கள் எல்லாம் தெருவோரம் நின்று கையாட்டலாமா என்று சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். மைனரோடு வேலை செய்ய யாருக்கும் தயக்கமில்லை. பயந்தவனோடு செய்ய மாட்டார்கள். அந்தத் தொழிலில் ஒருவன் மேலே மோட்டார் ரூமில் நிற்பான், இன்னொருவன் கீழே லிஃப்டுக் குழிக்குள் இருப்பான். கீழே இருப்பவனின் உயிர் மேலே இருப்பவனின் கையில். அந்தக் கை நடுங்கும் என்று தெரிந்தால் மறுநாளே ஜோடியை மாற்றிவிடுவார்கள். கொஞ்ச நாளில் ஆளையே மாற்றிவிடுவார்கள்.

அவன் கை நடுங்கத்தான் செய்தது. தலைக்கு மேலே ஏதாவது மூடினால் போதும்.

போன வருஷம், ஒரு விடுமுறை நாளில், ஆளில்லாத பழைய அலுவலகக் கட்டடத்தில் கதவு சுவிட்சைச் சரிசெய்ய, இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்திய லிஃப்டுக்குள் அவன் இருந்தான். கூட வந்த மூத்தவர், அவன் அண்ணே என்று கூப்பிடுகிறவர், மேலே போய் மெயினை அணைத்தார். கைவைப்பதற்கு முன்னால் கரண்டை வெட்டு. சந்தேகம் வந்தாலும் வெட்டு. அந்தத் தொழிலின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான். விளக்கு போயிற்று, கதவு தானாக நழுவி மூடிக்கொண்டது. டார்ச் வெளிச்சத்தில் வேலையை முடித்துவிட்டு, போடுங்கண்ணே என்று குரல் கொடுத்தான். பதிலில்லை. போனுக்கு அங்கே சிக்னல் ஏறவில்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தான். பிறகு திட்ட ஆரம்பித்தான். முதலில் செல்லமாக, அப்புறம் தொண்டை கிழிய, அப்புறம் அவரைப் பெற்றவளையும் சேர்த்து. மேலே அவர் சுவிட்ச் போர்டின் காலடியில் நெஞ்சு நின்று கிடந்தார். செத்த மனிதரை அவன் பகல் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தான்.

லிஃப்டின் மேல்தட்டில் இருக்கிற மூடி வெளியிலிருந்துதான் திறக்கும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் விரல்முட்டியில் தோல் உரியும்வரை அதை இடித்தான். கடைசியில் காவலாளி ஆட்களைக் கூட்டிவந்து, இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிய லிஃப்டின் கதவை நெம்பித் திறந்தார். மட்டத்துக்கு வரும்வரை பொறுங்கள், பாயாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் பொறுக்கவில்லை. இடுக்கு வழியே பாய்ந்தான். இடது முழங்கால் தளத்தின் விளிம்பில் மோதி உடைந்தது.

முழங்கால் கூடிவிட்டது. முழுக்க மடங்காது, திடீரென்று பாரம் தாங்காது, அதனால் இரண்டு சக்கர வண்டி ஆகாது, அவ்வளவுதான். மற்றது கூடவில்லை. லிஃப்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு குழிக்குள் போவது அவனுக்குச் சிரமமில்லை. நிமிர்ந்தால் உயரம் தெரியும். உள்ளே நிற்கிற வேலையை எல்லாம் நைசாக அடுத்தவன் தலையில் கட்டினான். பக்கத்துத் தெருக் கட்டடங்களையே கேட்டு வாங்கிக்கொண்டு நடந்து போனான். வீட்டில் பால்கனிக் கதவைத் திறந்து போட்டு அதன் ஓரத்தில் படுத்தான். கேட்டால், புழுக்கம் என்றான்.

இப்போது கம்பெனி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்டுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து அவன் அங்கே போக வேண்டும். வேன் வரும், ஏறிக்கொள் என்றார் சூப்பர்வைசர். அவன் வாய் தானாக, வேன் வேண்டாம் சார், சொந்த வண்டியில் வருகிறேன் என்றது. முடியாதென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதை சூப்பர்வைசர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பஸ்ஸுக்குக் கூரை இருந்தது. ஆட்டோவுக்கும் இருந்தது. திறந்த ஜீப் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. டிராக்டர் வாங்குங்க மாமா, காத்து பிச்சுக்கும் என்றான் மனைவியின் தம்பி. அவன் கேலிக்குத்தான் சொன்னான். இவன் டிராக்டரைப் பற்றியும் யோசித்துப் பார்த்தான்.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கூரை மடங்குகிற பழைய வண்டி, கியர் மாற்ற வேண்டாதது, இடது காலுக்கு வேலையே இல்லை. விற்பவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். மாடியில் ஓர் அறை எழுப்பலாம் என்று கணவனும் மனைவியும் சேர்த்து வைத்திருந்த பணத்துக்குள் விலை அடங்கும் போலிருந்தது.

அவன் மனைவி மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவள். எதிரே நிற்கிறவன் எதற்கு மருந்து வாங்குகிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். புருஷன் முகம் மட்டும் பிடிபடவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு அவ?"

"எவளும் இல்ல."

"இருந்தா சொல்லிடுங்க. பெட்ரோல் போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சா எனக்கும் வசதி."

வண்டி பார்க்கத் தானும் வருவேன் என்றாள். அவனால் தடுக்க முடியவில்லை. பஸ்ஸில் போகலாம் என்றாள். நடந்தால் காலுக்கு நல்லதென்று எலும்பு டாக்டர் சொன்னார் என்றான். அவள் ஒரு நொடி அவனைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பல் டாக்டரம்மா தனி ஆள். மலையடிவாரத்தில் வீடு, வீட்டின் முன்னறை ஒரு காலத்தில் கிளினிக், பின்னால் ஷெட். கை நடுக்கம் வந்ததால் தொழிலை விட்டாராம். கை நடுங்குகிற பல் டாக்டரிடம் யார் வாயைத் திறப்பார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஷெட்டில் வண்டி கூரையை மடக்கிக்கொண்டு நின்றது. கரும்பச்சை நிறம், வெயிலில் அங்கங்கே வெளுத்திருந்தது. முன்னால் இரண்டு தோல் சீட். பின்னால் ஒரு பலகை மாதிரி இடம். குழந்தையை உட்கார வைக்கலாம், கோபக்கார மனைவியையும் குறுக்கே உட்கார வைக்கலாம். அதற்கும் பின்னால், ஒரு பள்ளத்தில், கறுப்புக் கூரை எலும்பெல்லாம் மடித்துக்கொண்டு படுத்திருந்தது. அவன் அதைப் பார்க்காமல் வண்டியைச் சுற்றி வந்தான்.

"தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது. நீங்க காசு குடுக்கறீங்க. தாராளமா பாருங்க தம்பி. பல் விஷயம் எனக்கும் கொஞ்சம் தெரியும்" என்றார் டாக்டரம்மா.

அவன் டயரைப் பார்த்தான், அடியில் குனிந்து துரு பார்த்தான், ஆயில் பார்த்தான். ஷெட்டிலிருந்து வாசல்வரை ஓட்டி, திரும்பத் திரும்பப் பிரேக் போட்டுப் பார்த்தான். ஓடுகிறதா என்று எவனும் பார்ப்பான். லிஃப்ட்காரன் முதலில் நிற்கிறதா என்றுதான் பார்ப்பான். நன்றாக நின்றது.

கூரையையும் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. வெளியே நின்றே பார்க்கிறேன் என்றான். அவர் உட்கார்ந்து காட்டினார். பிரேக்கை மிதித்துக்கொண்டு நடுவில் இருக்கிற பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிரேக்கில் கால் இல்லையென்றால் கூரை அசையாது. பின்பள்ளத்தில் ஏதோ முனகியது. கறுப்பு எலும்புகள் முழங்கையை நிமிர்த்தி எழுந்தன, துணியை விரித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தன, கண்ணாடிச் சட்டத்தில் டப்பென்று பூட்டிக்கொண்டன. திரும்பத் திறக்கும்போது பாதியில் நின்றது. டாக்டரம்மா ஒரு தட்டுத் தட்டியதும் மறுபடி நகர்ந்தது.

மூடுவது எப்போதும் மூடிவிடும், திறப்பதற்குத்தான் சில நாள் சண்டித்தனம் செய்யும் என்றார் அவர்.

அந்தப் பொத்தானின் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டான். எதற்கு என்றார். சும்மாதான் என்றான். டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தார்.

மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையும் அதுதான். அவன் ஓட்டினான். டாக்டரம்மா பக்கத்தில். மனைவி பின்னால் பலகையில் குறுக்கே, முட்டியைக் கட்டிக்கொண்டு, முதுகை மடங்கிய கூரையில் சாய்த்து.

ஏறும்போது நன்றாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நாலு சக்கர வண்டியில் அவன் மூச்சு விட்டான். மரக்கிளைகள் பாதைக்கு மேலே கவிந்த இடங்களில் மட்டும் தோள் தானாகக் குறுகியது. கண்ணாடியில் பார்த்தால் மனைவிக்குப் பின்னால் அந்தக் கறுப்பு மூட்டை தெரிந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்தான். அவளைப் பார்க்கப் பிடிக்காமல் திருப்பியதாக அவள் நினைத்திருப்பாள். உச்சியில் வண்டியைத் திருப்பினான். இதை வாங்கிவிடலாம், திங்கட்கிழமை போய்விடலாம், எவனுக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்று தோன்றியது.

இறங்கும்போது தூறல் பிடித்தது.

பாதை சரிவு. ஒரு பக்கம் மலை, அவன் உட்கார்ந்திருந்த பக்கம் இடுப்புயரத் தடுப்புச்சுவர். ரோடு வழுக்குமே என்று அவன் பிரேக்கில் காலை வைத்தபடியே நிதானமாக இறக்கிக்கொண்டிருந்தான். தோல் சீட்டில் சொட்டு விழுவதைப் பார்த்த டாக்டரம்மா, அவன் வண்டியை நிறுத்தத்தான் போகிறான் என்று நினைத்துவிட்டார். நனையுது பாருங்க என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கினார்.

பிரேக்கில் கால் இருந்தது. கூரை எழுந்தது.

அவன் அதைப் பார்க்கவில்லை. கேட்டான். பின்னால் அந்த முனகல், பிறகு கழுத்தில் விழுந்த நிழல், பிறகு வானத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு முன்னால் வருகிற கறுப்பு. இருபது வருஷமாக அவன் கைக்கு ஒரே ஒரு வழிதான் பழக்கம். சந்தேகம் வந்தால் வெட்டு. கை சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தது.

லிஃப்டில் அதுதான் சரி. அங்கே கரண்ட் இருக்கும்வரைதான் பிரேக் விலகி நிற்கும்; கரண்ட் போன நொடியில் ஸ்பிரிங் பாய்ந்து இறுக்கிப் பிடித்துவிடும். வெட்டினால் நிற்கும். இது லிஃப்ட் இல்லை என்பது அவனுக்கு அடுத்த நொடியில் உறைத்தது. கூரை பாதியில், தலைக்கு மேலே நெட்டுக்குத்தாக நின்றது. வண்டி நிற்கவில்லை. ஒருமுறை மிதித்தபோது பிரேக் பிடித்தது, பதற்றத்தில் விட்டு மறுபடி மிதித்தபோது மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. எழும்பி நின்ற கூரையில் காற்று முட்டி வண்டியை ஆட்டியது. எதிரே வளைவு. டாக்டரம்மா கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். அவன் எழுந்து நின்று ஸ்டியரிங்கின் மேல் விழுந்தான். வண்டி தடுப்புச்சுவரை உரசி, தீப்பொறி பறக்க உரசி, உரசி, நின்றது.

அவன் பக்கத்துக் கதவு சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே பாதி வானம், பாதி கறுப்பு. அவனுக்கு மிச்ச வானம் மட்டும்தான் தெரிந்தது. சீட்டில் கால் வைத்தான், கதவில் கால் வைத்தான், சுவரைத் தாண்டி அந்தப் பக்கத்து மண்ணில் விழுந்தான். மழை முகத்தில் அடித்தது. மூச்சு வந்தது.

மூச்சு வந்த பிறகுதான் காது வந்தது.

"தம்பி, உங்க வீட்டம்மா கை."

அவன் எழுந்து பார்த்தான். டாக்டரம்மா முழங்காலில் சீட்டின் மேல் ஏறி, நடுங்குகிற இரண்டு கைகளாலும் கூரையின் குறுக்குச் சட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். வண்டி மோதிய உலுக்கலில் மனைவி கைக்கு அகப்பட்டதைப் பிடித்திருக்கிறாள். அகப்பட்டது கூரை எலும்பின் முழங்கை மடிப்பு. பிறகு கூரை தன் பாரத்தில் பின்னால் சரியத் தொடங்கியிருக்கிறது. இரண்டு விரல்கள் மடிப்புக்குள்.

மெக்கானிக்கான அவனுக்குக் கண்ணால் பார்த்ததும் புரிந்தது. கூரை பின்னால் விழுந்தால் மடிப்பு மூடும், விரல் போய்விடும். முன்னால் போனால் முழங்கை நிமிரும், விரல் வெளியே வரும். அது முன்னால் போகச் சாவி வேண்டும், பிரேக்கில் கால் வேண்டும், பொத்தானில் விரல் வேண்டும். மூன்றும் அவன் விட்டுவிட்டு வந்த சீட்டில் இருந்தன. டாக்டரம்மா கையை எடுத்தால் கூரை விழும். ரோட்டில் வேறு ஆளில்லை.

அவன் உடனே போகவில்லை. அதை நல்லபடியாகச் சொல்ல வழியில்லை. மழையில் நின்றான். மனைவி கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. யார் இந்த ஆள் என்று மருந்துக்கடையில் புதிதாக வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"ரொம்ப நேரம் தாங்காதுப்பா" என்றார் டாக்டரம்மா.

அவன் சுவரில் ஏறினான். கதவின் மேல் காலை வைத்து, கறுப்புக்கு அடியில் தலையைக் குனிந்து, உள்ளே இறங்கினான். கால்சட்டை நனைந்தது, மழை இல்லை, அவன்தான். பிரேக்கை மிதித்தான், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். சாவியைத் திருகினான். எஞ்சின் இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. பொத்தானை அமுக்கினான்.

கண்ணை மூடினால் மூடிய லிஃப்ட். திறந்தால் மூடுகிற கூரை. தன் வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். காலில் செருப்பு இல்லை, எங்கே விழுந்தது என்று யோசிக்க முயன்றான். பின்னால் மனைவி உஸ்ஸென்று காற்றை இழுத்தாள். வந்துடுச்சு, கை வந்துடுச்சு என்றார் டாக்டரம்மா. அத்தோடு அவன் பொத்தானை விட்டிருக்கலாம். விரல் விட்டு வரவில்லை. கூரை வானத்தின் கடைசிக் கோட்டையும் தின்றது.

டப்.

பொத்தானை மறுபக்கம் தள்ளினான். ஒன்றும் அசையவில்லை. மறுபடி தள்ளினான். எங்கோ ஏதோ கருகுகிற வாசனை வந்தது. கதவைத் தள்ளினான், சுவர். துணிக்கூரையில் மழை கொட்டு அடித்தது. அவனுடைய குரல் அவனுக்கே வெளியிலிருந்து கேட்டது. போடுங்கண்ணே. அண்ணே, போடுங்கண்ணே. கூரையை முட்டியால் இடித்துக்கொண்டிருந்தான். துணி அமுங்கி அமுங்கி எழுந்தது.

டாக்டரம்மா தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பல் பிடுங்குகிற கைக்கு நடுக்கத்திலும் பலம் இருந்தது. அவன் இரண்டு சீட்டின் மேலும் தவழ்ந்து ரோட்டில் விழுந்து, நாலு காலில் கிடந்தபடி வாந்தி எடுத்தான்.

மனைவி இறங்கி வந்தாள். வலது கை விரல்கள் இரண்டும் ஊதிக் கன்றியிருந்தன. இடது கையால் அவற்றைப் பொத்திக்கொண்டு அவனுக்கு முன்னால் நின்றாள்.

"என்னை விட்டுட்டு ஓடினீங்க."

"ஆமா."

"எதுக்கு?"

"கூரை."

அவள் காத்திருந்தாள்.

"மேல மூடினா என்னால முடியல. அன்னியிலேர்ந்து." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அவர் செத்துக் கிடந்தார். நான் திட்டிக்கிட்டே இருந்தேன்."

அவர் செத்தது அவளுக்குத் தெரியும். திட்டியது தெரியாது. பால்கனி, நடை, பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும் என்றதும் வருகிற வயிற்றுவலி என்று ஒவ்வொன்றாக அவள் மனதில் இடம் மாறி உட்காருவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"பொம்பளைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பொம்பளைன்னாகூட சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன். கூரையோட நான் எப்படிச் சண்டை போடறது?"

டாக்டரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான் என்றார். தன் நாற்காலியில் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கைப்பிடியை நசுக்குகிறவர்களைக் காலமெல்லாம் பார்த்தவர் அவர். இவன் பயந்தவன் என்பது ஷெட்டிலேயே தெரிந்துவிட்டதாம். விலையைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று நினைத்தாராம்.

விரலுக்குக் கட்டுப் போட வேண்டும். கூரை திறக்கவில்லை. டாக்டரம்மா ஓட்ட, மனைவி முன்னால் ஏறிக்கொண்டாள். கதவை மூடாமல் அவனைப் பார்த்தாள். அவன் இரண்டு எட்டு வைத்தான், கூரையின் நிழல்வரை போனான், நின்றான்.

"நடந்து வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒற்றைச் செருப்போடு மலையிறங்கினான். முழங்கால் ஒவ்வொரு எட்டுக்கும் வலித்தது. வலி பரவாயில்லை. அவள் சொல்லிவிடுவாள் என்பதுதான் உள்ளே குடைந்தது. தம்பியிடம் சொல்லுவாள், தம்பி டீக்கடையில் சொல்லுவான், திங்கட்கிழமைக்குள் கம்பெனிக்குப் போய்விடும். வேறு என்ன வேலை தெரியும் அவனுக்கு? இத்தனை நாள் ஒருத்தியை வைத்திருப்பவன் என்ற பெயரைச் சுமந்தது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பழைய கிளினிக்கில், பல் பிடுங்குகிற நாற்காலியில், மனைவி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்குப் பட்டை வைத்துக் கட்டியிருந்தது. எலும்பு விட்டுப்போகவில்லை, பல்லும் எலும்பு மாதிரிதானே, எனக்கும் தெரியும் என்றார் டாக்டரம்மா. இருவரும் பேரம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கதவு கிழிந்தது எங்கள் தப்பு, அதற்கு நாங்கள் கேட்கவில்லை. ஓடுகிற வண்டியில் பொத்தானை அமுக்கியது உங்கள் தப்பு, கூரை மோட்டார் கருகியது உங்கள் பாடு என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். சரிம்மா, கூரையை ரிப்பேர் பண்ணித் தருகிறேன் என்றார் டாக்டரம்மா.

"ரிப்பேர் வேண்டாம். கழட்டிட்டுக் குடுங்க. அதுக்கு உண்டானதை விலையில குறைச்சுக்கங்க."

"கூரையே இல்லாம மழைக்கு என்னம்மா பண்ணுவீங்க?"

"தலையைத் துவட்டிக்குவோம்."

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா காபி போட உள்ளே போனதும் அவன் மெல்லக் கேட்டான், வேலை இடத்தில் தெரிய வேண்டாமே என்று. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு, அவன் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னாள்.

"ஆனா ஒருத்தர்கிட்ட நீங்க சொல்லணும். உங்க கூட ஜோடியா வேலை செய்யறவர்கிட்ட. இன்னிக்கு என் விரல். நாளைக்கு அவர் குழிக்குள்ள இருக்கும்போது நீங்க சுவரைத் தாண்டி ஓடினா?"

"சொன்னா ஆளை மாத்திடுவாங்க."

"மாத்தட்டும். தெரியாம ஒரு ஆள் கீழ நிக்கக் கூடாது. திங்கக்கிழமை நானும் வரேன். என் முன்னாடி சொல்லுங்க."

நியாயம் எல்லாம் அவள் பக்கம் இருந்தது. அவன் பக்கம் இருந்தது பயம் மட்டும். சரி என்றான்.

மழை விட்டதும் ஷெட்டில் கூரையைக் கழற்றினான். போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தது, சுத்தியலால் தட்டித் தட்டி இளக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா டார்ச் அடித்தார், வெளிச்சம் அவர் கையோடு சேர்ந்து ஆடியது. கடைசி போல்ட் வந்ததும் மொத்தக் கூரையும் ஒரு செத்த வௌவால் மாதிரி அவன் கையில் தொங்கியது. கனமாக இருந்தது. பிடித்திருந்தவரை அவனால் சரியாக மூச்சு விட முடியவில்லை. ஷெட்டின் மூலையில் போட்டுவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். பணமும் சாவியும் கை மாறின.

மனைவி முன்சீட்டில் தேங்கியிருந்த தண்ணீரை இடது கையால் வழித்துவிட்டு உட்கார்ந்தாள். அவனும் ஏறி உட்கார்ந்தான். மறுபடி தூறியது. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது, ஸ்டியரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நிற்கவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வழியில என்ன ஆனாலும் சரி, சாவியில மட்டும் கை வச்சீங்க, என் விரல் மாதிரி உங்க விரலையும் ஆக்கிடுவேன்."

சரி என்று சொல்லிவிட்டு அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.